பழைய பாக்கி உள்ள லூப்: வாசகர் கேள்வி – பதில்

நிரலில் ஒரே வேலையைச் சுற்றுச் சுற்றாகத் திரும்பச் செய்யும் பகுதிதான் லூப். அந்த லூப்புகளை, நிரலைக் கணிப்பொறியின் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர் எப்படி வெக்டராக்குகிறது, அதாவது ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும்படி எப்படி மாற்றுகிறது என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மனக்குறை: "என் லூப்பை மட்டும் மாற்ற மறுக்கிறதே!" அந்த மறுப்பைப் பற்றிய கேள்விகளையே இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: சி மொழியில் இரண்டு லூப் எழுதினேன். ஒன்று, ஒவ்வொரு பொருளின் அளவையும் விலையையும் பெருக்கித் தொகை கண்டுபிடிப்பது. மற்றது, முந்தைய நாளின் இருப்போடு இன்றைய வரவைக் கூட்டி இன்றைய இருப்பைக் கண்டுபிடிப்பது. முதல் லூப்பை வெக்டராக்கிவிட்டதாகக் கம்பைலர் சொல்கிறது. இரண்டாவதை மறுக்கிறது. பெருக்கலைவிடக் கூட்டல் எளிதுதானே? ஏன் இப்படி?
— பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: பெருக்கலா கூட்டலா என்பது இங்கே பொருட்டே இல்லை. ஒரு வரியை முடிக்காமல் அடுத்த வரியைத் தொட முடியுமா என்பதுதான் கேள்வி.

கும்பகோணத்தில் என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கல்யாணச் சாமான் பட்டியல் வந்தால் அறுபது, எழுபது வரி இருக்கும். துவரம்பருப்பு இத்தனை கிலோ, கிலோ இன்ன விலை. அப்பா அந்தப் பட்டியலைப் பிள்ளைகள் நான்கு பேரிடமும் பிரித்துக் கொடுப்பார். முதல் வரி அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவதும் நான்காவதும் தம்பிகளுக்கு. நால்வரும் ஒரே நேரத்தில் பெருக்கித் தொகையை எழுதுவோம். பிறகு அடுத்த நான்கு வரி. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் முதல் லூப் இதுதான்.

கடன் நோட்டு வேறு. அதில் ஒவ்வொரு வரியும் "பழைய பாக்கி" என்று தொடங்கும். பழைய பாக்கியோடு இன்று வாங்கியதைக் கூட்டினால் புதிய பாக்கி. அதுவே நாளைய வரியின் பழைய பாக்கி. அந்த நோட்டை அப்பா ஒருபோதும் பிரித்துக் கொடுத்ததில்லை. ஏன் என்று எண்களைப் போட்டுப் பாருங்கள். தொடக்கப் பாக்கி 100 ரூபாய். அடுத்த நான்கு நாள் வாங்கியவை 10, 20, 30, 40. வரிசையாக எழுதினால் பாக்கி 110, 130, 160, 200. நான்கு வரியையும் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதினால், முதல் ஆள் மட்டும் 110 என்று சரியாக எழுதுவார். மற்ற மூவர் பார்க்கும் இடத்தில் பழைய பாக்கி இன்னும் எழுதப்படவே இல்லை. அங்கே பூஜ்யம் இருந்தால் 20, 30, 40 என்று எழுதி வைப்பார்கள். உங்கள் இரண்டாவது லூப் இதுதான்:

இருப்பு[நாள்] = இருப்பு[நாள் − 1] + வரவு[நாள்]

கணிப்பொறியில் அந்த நான்கு பிள்ளைகளும் உண்மையாகவே இருக்கிறார்கள். 1999-ல் பென்டியம் 3 செயலியுடன் வந்த எஸ்எஸ்இ கட்டளைகள் 128 பிட் அகலமான பதிவகத்தில் (செயலிக்குள் எண்களை வைக்கும் இடத்தில்) நான்கு 32 பிட் எண்களை ஏற்றி, ஒரே கட்டளையில் நான்கையும் கூட்டின. நான்கையும் முதலில் படிக்கும், நான்கையும் கணக்கிடும், கடைசியில் நான்கையும் எழுதும். இந்த வரிசை மாற்றத்தால் விடை மாறுமா மாறாதா என்று கண்டுபிடிப்பதுதான் கம்பைலரின் சார்பு ஆய்வு. ஒரு சுற்று எழுதியதைப் பின்னால் வரும் சுற்று படித்தால் அது உண்மைச் சார்பு. உங்கள் லூப்பைத் தடுத்தது அதுதான்.

ஒரு சுற்று படித்த இடத்தில் பின்னால் வரும் சுற்று எழுதினால் அது எதிர்ச் சார்பு. இதைப் பெரும்பாலும் பயப்படாமல் விட்டுவிடலாம். நோட்டின் முதல் வரியை அடித்துவிட்டு, கீழே உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு வரி மேலே ஏற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: வரி[எண்] = வரி[எண் + 1]. நான்கு பேரும் முதலில் தங்களுக்குக் கீழே உள்ள வரியைப் படித்துக்கொள்கிறார்கள், பிறகு எழுதுகிறார்கள். எழுதுவதற்கு முன்பே படித்தாகிவிட்டது. விடை சரியாகவே வரும். கம்பைலரும் இதைத் தயங்காமல் வெக்டராக்கும். இரண்டு லூப்புக்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் ஒரு கழித்தல் குறியும் ஒரு கூட்டல் குறியும்தான். படிப்பவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இரண்டு சுற்றுகள் ஒரே இடத்தில் எழுதினால் அது வெளியீட்டுச் சார்பு. கடைசியாக எழுதியது யாருடையது என்பது மாறக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய பாக்கி உள்ள கணக்கையும் பிரித்துச் செய்ய வழி உண்டு. நான்கு நான்கு வரிகளுக்குத் துணைக்கூட்டல் போட்டு, பிறகு சரிசெய்துகொண்டே போக வேண்டும். அது வேறு கணக்குமுறை. கம்பைலர் பொதுவாக அதைத் தானாகச் செய்வதில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

*

கேள்வி: படங்களின் வெளிச்சத்தைக் கூட்டும் ஒரு சிறிய செயல்கூறு எழுதியிருக்கிறேன். ஒரு பைட் அரேயிலிருந்து (வரிசையாக அடுக்கிய பைட்டுகளிலிருந்து) படித்து இன்னொரு பைட் அரேயில் எழுதுகிறது. பழைய பாக்கி எதுவுமே இல்லை. ஆனாலும் கம்பைலர், சுற்றுகளின் எண்ணிக்கையே தெரியவில்லை என்கிறது. எண்ணிக்கையைப் படத்தின் அகலம் என்று தெளிவாகக் கொடுத்திருக்கிறேன். ஒரு நல்ல கம்பைலர் இவ்வளவு கோழையாக இருக்கலாமா?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: கோழை என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லாத ஒன்றை அது ஊகிக்க மறுக்கிறது. அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். "சார்பு இருக்கிறது" என்பது வேறு, "சார்பு இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை" என்பது வேறு. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது.

உங்கள் லூப் "படம்" என்ற ஸ்ட்ரக்சருக்குள் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்புக்குள்) இருக்கும் அகலத்தை எல்லையாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பைட்டை எழுதுகிறது. பாயிண்டர் என்பது நினைவகத்தின் ஓர் இடத்தைக் காட்டும் முகவரி. சி மொழியின் விதிப்படி, இன்ட் வகைப் பாயிண்டரும் ஃப்ளோட் வகைப் பாயிண்டரும் ஒரே இடத்தைத் தொடாது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேரக்டர் வகைக்கு மட்டும் விலக்கு உண்டு: அது நினைவகத்தின் எந்த இடத்தையும் தொடலாம். உங்கள் எட்டு பிட் பைட் வகை பெரும்பாலான கணிப்பொறிகளில் கேரக்டரின் மறுபெயர்தான். ஆகவே நீங்கள் எழுதும் ஒரு பைட், அந்த அகலம் இருக்கும் இடத்திலேயே விழலாம். விழுந்தால் அகலம் மாறும். அகலம் மாறினால் எத்தனை சுற்று என்பதும் மாறும். உங்களுக்கு அது நடக்காது என்று தெரியும். கம்பைலருக்கு யார் சொன்னது?

மருந்து ஒரு வரிதான். லூப்புக்கு முன்னால் அகலத்தை ஓர் உள்மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த மாறியை எல்லையாகப் பயன்படுத்துங்கள். அதன் முகவரியை நீங்கள் யாரிடமும் கொடுக்கவில்லை; எந்தப் பாயிண்டராலும் அதைத் தொட முடியாது என்று கம்பைலர் உடனே நிரூபித்துக்கொள்ளும். இந்த ஒரு மாற்றத்திலேயே பல பட நிரல்கள் வேகம் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, படிக்கும் அரேயும் எழுதும் அரேயும். இரண்டும் வெளியிலிருந்து பாயிண்டராக வருகின்றன. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஓரிடம் தள்ளிப் படிந்திருந்தால், உங்கள் லூப்பே கடன் நோட்டாகிவிடும். இந்த இடத்தில் கம்பைலர் கைவிடுவதில்லை. லூப்பின் இரண்டு பிரதிகளை எழுதி வைக்கிறது, ஒன்று வெக்டர், ஒன்று சாதாரணம். ஓடத் தொடங்கும்போது, இந்த அரே எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அந்த அரே எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை என்றால் வெக்டர் பிரதி. தொட்டால் சாதாரணப் பிரதி. இரண்டு வயல்களின் எல்லைக் கற்களைப் பார்த்துவிட்டு ஏரை இறக்குவது போல. இரண்டு அரேக்கள் என்றால் இந்தச் சோதனை மலிவு. பத்து பாயிண்டர்கள் வந்து, அவற்றில் ஐந்தில் எழுதினால், ஒப்பிட வேண்டிய இணைகள் 35. படிப்பதோடு படிப்பதை ஒப்பிடத் தேவையில்லை என்று கழித்த பிறகும் இத்தனை. சோதனைக்கு ஆகும் செலவு லாபத்தை விழுங்கிவிடும் என்று கண்டால் கம்பைலர் லூப்பை அப்படியே விட்டுவிடும்.

நீங்களே உத்தரவாதம் கொடுக்கலாம். 1999-ஆம் ஆண்டின் சி தரத்தில் வந்த "ரெஸ்ட்ரிக்ட்" என்ற சொல் அதற்குத்தான்: இந்தப் பாயிண்டர் வழியாக மாற்றப்படும் இடத்தை வேறு வழியாக யாரும் தொடமாட்டார்கள் என்ற வாக்கு. ஃபோர்ட்ரான் மொழியில் இந்த வாக்கு விதியிலேயே இருக்கிறது. செயல்கூறுக்கு வரும் அரேக்களில் ஒன்றில் எழுதினால் அது மற்றொன்றோடு படியக் கூடாது. ஃபோர்ட்ரான் நிரல்கள் நெடுங்காலம் சி நிரல்களை வேகத்தில் முந்தியதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

யார்தான் அரேக்களைப் படிய வைத்து அனுப்புவார்கள் என்று நினைக்கிறீர்களா? 2010-ன் இறுதியில் நடந்ததைச் சொல்கிறேன். லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகத்தில், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயல்கூறைச் சில செயலிகளுக்காக வேகப்படுத்தினார்கள். புதிய வடிவம் சில நேரங்களில் பின்னாலிருந்து முன்னோக்கி நகலெடுத்தது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்களை மெம்காப்பிக்குக் கொடுக்கக் கூடாது, அதற்கு மெம்மூவ் இருக்கிறது என்று சி தரம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆனால் ஃபிளாஷ் பிளேயர் அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு வீடியோக்களின் ஒலி கரகரத்தது. நகலெடுக்கும் வரிசை மாறியது மட்டுமே காரணம். கம்பைலர் உங்கள் லூப்பில் பயப்படுவது இதே வரிசை மாற்றத்துக்குத்தான்.

*

கேள்வி: ஒவ்வொரு காலாண்டின் மதிப்பையும் சென்ற ஆண்டின் அதே காலாண்டிலிருந்து கணக்கிடுகிறேன். பழைய கணிப்பொறியில் நான்கு நான்காக வெக்டராகியது. எட்டு எண்களை ஒன்றாகக் கையாளும் புதிய கணிப்பொறி வாங்கினேன். இன்னும் நான்குதான். பணம் வீணா?
— தணிக்கையாளர், ஈரோடு

பதில்: இந்த லூப்பைப் பொறுத்தவரை, ஆம். நீங்கள் படிப்பது மதிப்பு[காலாண்டு − 4]. இது பழைய பாக்கிதான், ஆனால் நான்கு வரி தள்ளி இருக்கும் பழைய பாக்கி. நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தேவைப்படாது. எல்லோருக்கும் வேண்டியது முந்தைய நான்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளுக்கு முதல் ஆளின் விடை வேண்டும், அது இன்னும் வரவில்லை. சார்பின் தூரம் நான்கு என்றால் நான்கு வரை பாதுகாப்பு. உங்கள் புதிய கணிப்பொறியின் 256 பிட் அகலம் இந்தத் தூரத்தை நீட்டாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இது மிகவும் பிடித்த நுட்பம். தூரம் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள், சென்ற வாரத்தின் அதே கிழமையைப் பார்ப்பது போல. நான்கு நான்காகச் செய்தால் விடை சரியாகத்தான் வரும். ஆனாலும் எல்எல்விஎம் கம்பைலர் மறுக்கும். காரணம் செயலியின் உள்ளே இருக்கிறது. இப்போதுதான் எழுதிய மதிப்பை உடனே படித்தால், அது நினைவகத்துக்குப் போய்த் திரும்பும் வரை செயலி காத்திருக்காது. எழுதக் காத்திருக்கும் வரிசையிலிருந்தே நேராக எடுத்துக்கொடுக்கும். ஆனால் படிக்கும் நான்கும் ஒரே தடவையில் எழுதியதற்குள் அடங்கியிருந்தால்தான் அப்படிக் கொடுக்க முடியும். ஏழு நான்கால் வகுபடாததால், படிக்கும் நான்கு எண்கள் முன்பு எழுதிய இரண்டு நான்குகளின் நடுவே விழுகின்றன, மூன்று இதில், ஒன்று அதில். அப்போது செயலி காத்திருக்கிறது. விடை சரியாக இருந்தும் வேகம் போய்விடும் என்று எல்எல்விஎம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு விலகுகிறது.

*

கேள்வி: சார்பு ஆய்வில் வரும் மீப்பெரு பொதுக் காரணிச் சோதனையை வகுப்பில் நடத்துகிறேன். இன்றைய கம்பைலர்களில் இதெல்லாம் இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.
— கல்லூரி ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: இருக்கிறது. உங்கள் மாணவர்களுக்கு ஒரு தெருவைக் காட்டுங்கள். ஒரு பக்கம் இரட்டைப்படை வீட்டு எண்கள், எதிர்ப்பக்கம் ஒற்றைப்படை. இரட்டைப்படை வீடுகளுக்கு மட்டும் கடிதம் போடுபவரும், ஒற்றைப்படை வீடுகளில் மட்டும் கடிதம் எடுப்பவரும் ஒரே வாசலில் சந்திக்க மாட்டார்கள். தெரு எவ்வளவு நீளம் என்று தெரியவே வேண்டாம். லூப்பில் 4 × சுற்று என்ற இடத்தில் எழுதி, 6 × சுற்று + 3 என்ற இடத்தில் படித்தால், இரண்டும் மோத வேண்டுமானால் நான்கின் மடங்குக்கும் ஆறின் மடங்குக்கும் வித்தியாசம் 3 ஆக வேண்டும். 4, 6 இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 2. அது 3-ஐ வகுக்காது. சார்பு இல்லை, முடிந்தது.

இதன் பலவீனத்தையும் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலான லூப்புகளில் பெருக்கும் எண் 1. ஒன்று எல்லாவற்றையும் வகுக்கும், ஆகவே இந்தச் சோதனை "இருக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். லூப் 50 சுற்றுதான், ஆனால் படிப்பது 100 இடம் தள்ளி என்றால், மோதவே முடியாது. அதை அறிய எல்லைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். உத்பல் பானர்ஜியின் சமனிலிகள் செய்வது அதைத்தான். 1970-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் குக்கின் குழு இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது. பானர்ஜி அங்கிருந்து வந்தவர். ரைஸ் பல்கலைக்கழகத்தில் கென் கென்னடியும் ராண்டி ஆலனும் ஃபோர்ட்ரான் நிரலைத் தானாக வெக்டர் வடிவுக்கு மாற்றுவதை முழுமையான கோட்பாடாக்கினார்கள்.

1991-ல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு தெளிவு பிறந்தது. காஃப், கென்னடி, ட்செங் மூவரும் உண்மையான நிரல்களைப் பிரித்துப் பார்த்து, பெரும்பாலான இடக்குறிகள் (அரேயில் எந்த இடம் என்று சொல்பவை) மிக எளியவை, ஒரே ஒரு லூப் மாறியும் ஒரு மாறிலியும்தான் என்று காட்டினார்கள். அவற்றுக்குச் சிறிய, துல்லியமான சோதனைகளை வரிசைப்படுத்தினார்கள். அதே ஆண்டு வில்லியம் பியூ, சிக்கலானவற்றையும் முழு எண்களில் துல்லியமாகத் தீர்க்கும் ஒமேகா சோதனையை வெளியிட்டார். எல்எல்விஎம்மில் காஃப், கென்னடி, ட்செங் மூவரின் சோதனைகளும் இருக்கின்றன, லூப்புகளை இடம் மாற்றுவது போன்ற வேலைகளுக்கு. ஆனால் அதன் லூப் வெக்டராக்கி வேறு ஓர் எளிய ஆய்வை நம்புகிறது: இரண்டு முகவரிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடு; தெரிந்தால் அகலத்தை முடிவுசெய்; தெரியாவிட்டால் ஓடும்போது எல்லைக்கல் சோதனை.

உங்கள் மாணவர்களில் யாராவது கூடுதலாகப் படிக்க விரும்பினால் புளூட்டோ என்ற கருவியைக் காட்டுங்கள். லூப்பின் சுற்றுகளைப் பலமுக வடிவின் புள்ளிகளாகப் பார்த்து, சார்புகளை மீறாமல் லூப்புகளையே புதிதாக வரிசைப்படுத்துவது. 2008-ல் அதை வெளியிட்ட உதய் போந்துகுலா, ஆல்பர்ட் ஹார்டோனோ, ராமானுஜம், சடையப்பன் ஆகியோரில், ராமானுஜமும் சடையப்பனும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். போந்துகுலா இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கற்பிக்கிறார். அந்த ஆய்வுக்கட்டுரை மாணவர்களுக்கு எட்டாத ஒன்றல்ல.

*

கேள்வி: 1989-ல் தில்லிக்கு வானிலைக் கணிப்புக்காகக் க்ரே எக்ஸ்-எம்பி கணிப்பொறி வந்த காலத்து ஃபோர்ட்ரான் ஆள் நான். கம்பைலர் மறுத்தால் லூப்புக்கு மேல் "ஐவிடெப்" என்று ஒரு வரி எழுதுவோம், ஓடும். இன்றும் அது உண்டா? பயன்படுத்தலாமா?
— ஓய்வுபெற்ற நிரலர், புதுதில்லி

பதில்: உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன், ஐயா. 1976-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போன முதல் க்ரே கணிப்பொறியில் எட்டு வெக்டர் பதிவகங்கள், ஒவ்வொன்றிலும் 64 எண்கள். அதை நிரப்ப வேண்டிய பொறுப்பு க்ரேயின் ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு இருந்தது. அதன் ஆய்வு போதாத இடத்தில் மனிதர் கைகொடுப்பதற்காக வந்ததுதான் நீங்கள் சொல்லும் வரி.

இன்றும் உண்டு. ஜிசிசி என்ற கம்பைலரில் 2014-ல் வந்த 4.9 பதிப்பிலிருந்து அதே பெயரில் இருக்கிறது. எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங்கில், பாதுகாப்பு என்று எடுத்துக்கொள் என்று சொல்லும் பிராக்மா (கம்பைலருக்கு எழுதும் குறிப்பு வரி) இருக்கிறது. இத்தகைய குறிப்புகளுக்கான பொதுத் தரமான ஓப்பன்எம்பியின் 4.0 பதிப்பு 2013-ல் வெளிவந்தது; அது லூப்பை வெக்டராக்கச் சொல்லும் சிம்ட் என்ற கட்டளையையும் அதோடு பாதுகாப்பான நீளம் எவ்வளவு என்று சொல்லும் வசதியையும் தந்தது. இவற்றில் நான் கடைசியைத்தான் விரும்புகிறேன். தூரம் நான்கு என்று உங்களுக்குத் தெரிந்தால், நான்கு என்றே சொல்லலாம். எல்லாக் கதவையும் திறந்துவிட வேண்டியதில்லை.

ஐவிடெப் என்பது "சார்பைப் பொருட்படுத்தாதே" என்ற கட்டளை. சார்பு இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் வலித்தது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நிறுவனத்தின் கட்டமைப்புக் கணக்கீட்டு நிரலில் வேலை செய்தேன். ஒவ்வொரு உறுப்பின் விசையையும் அது தொடும் முனையில் கூட்டும் லூப்: விசை[முனை[உறுப்பு]] என்ற இடத்தில் சேர்ப்பது. எந்த முனை என்பது இன்னொரு அரேயிலிருந்து வருகிறது. அதை எந்தச் சோதனையாலும் முன்கூட்டி அறிய முடியாது. கம்பைலர் மறுத்தது. அடுத்தடுத்த உறுப்புகள் ஒரே முனையைத் தொடாதபடி அவற்றை வரிசைப்படுத்தியிருந்தோம், அது எனக்குத் தெரியும். ஐவிடெப் எழுதினேன். வேகம் வந்தது, விடையும் சரி.

சில மாதங்கள் கழித்து இன்னொருவர் வேறொரு தேவைக்காக உறுப்புகளின் வரிசையை மாற்றி வைத்தார். அவர் என் லூப்பைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், அந்த வரி எதை நம்பி நிற்கிறது என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போது அடுத்தடுத்த இரண்டு உறுப்புகள் ஒரே முனையைத் தொட்டன. இரண்டு பேர் ஒரே கடன் பக்கத்தைத் திறந்து, இருவரும் 100 என்று படித்து, ஒருவர் 110 என்றும் மற்றவர் 120 என்றும் எழுதினால் 130 எங்கே போகும்? ஒன்று மற்றதை அழித்துவிடும். நிரல் நிற்கவில்லை, பிழைச் செய்தி இல்லை. மொத்த விசை மட்டும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. மூன்று வாரம் தேடினோம். வெக்டராக்கத்தை நிறுத்தி ஓட்டிப் பார்த்த அன்றுதான் கூட்டுத்தொகை நேரானது. கணக்கு குறைந்தது என் கையெழுத்தால். அன்றிலிருந்து ஐவிடெப் எழுதும் இடத்தில், அது எந்த உண்மையை நம்புகிறது என்று மேலே ஒரு வரி எழுதுகிறேன். சோதனை ஓட்டத்தில் அந்த உண்மையைச் சரிபார்க்கும் ஒரு துணுக்கையும் சேர்க்கிறேன். நீங்களும் அப்படிச் செய்வதானால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஐயா.

இந்த வகை லூப்புக்கே ஒரு கட்டளையை ஏவிஎக்ஸ்-512 செயலிகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு வெக்டரில் உள்ள இடக்குறிகளில் எவை ஒன்றுக்கொன்று சமம் என்று அது சொல்லும். மோதாதவற்றை ஒன்றாகவும், மோதுபவற்றைத் தனித்தனிச் சுற்றாகவும் செய்யலாம். அது இல்லாத இடத்தில், ஆளுக்கொரு தனி நோட்டில் எழுதி, கடைசியில் நோட்டுகளைக் கூட்டுவது நம்பகமான பழைய வழி.

*

கேள்வி: ஓர் அரேயின் கூட்டுத்தொகை. முழு எண்கள் என்றால் வெக்டராகிறது, தசம எண்கள் என்றால் ஆவதில்லை. ஏன்?
— மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: கூட்டுத்தொகையும் பழைய பாக்கிதான். ஆனால் கூட்டலில் வரிசையை மாற்றலாம் என்பதால், நான்கு துணைக்கூட்டல்களாகப் பிரித்துக் கடைசியில் சேர்க்கலாம். முழு எண்களில் விடை மாறாது. தசம எண்களைக் கணிப்பொறி வைத்திருக்கும் மிதவைப் புள்ளி வடிவில் மாறும்: 32 பிட்டில் 10 கோடியுடன் 1 கூட்டினால் அந்த 1 தொலைந்துவிடும், பிறகு 10 கோடியைக் கழித்தால் 0. முதலில் 10 கோடியைக் கழித்துவிட்டு 1 கூட்டினால் 1. வரிசையை மாற்ற உங்கள் அனுமதி வேண்டும். அந்த லூப்புக்கு மட்டும் ஓப்பன்எம்பியின் ரிடக்ஷன் குறிப்பைக் கொடுங்கள். இந்த அனுமதியை நிரல் முழுவதற்கும் தரும் ஃபாஸ்ட்-மேத் தெரிவைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

*

கேள்வி: கம்பைலர் எதை மறுத்தது, ஏன் மறுத்தது என்று எங்கே பார்ப்பது?
— பலர்

பதில்: ஜிசிசியில் "ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்ட்" என்ற தெரிவு, கிளாங்கில் "ஆர்பாஸ்-அனாலிசிஸ்" என்பதோடு "லூப்-வெக்டரைஸ்" என்ற பெயர். வரி எண்ணோடு காரணத்தைச் சொல்லும். எந்த வேகப்படுத்தல் நிலையில் (ஓ2, ஓ3) தொகுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். ஜிசிசி 2022-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஓ2 நிலையிலேயே வெக்டராக்குகிறது, ஆனால் அங்கே எல்லைக்கல் சோதனை தேவைப்படும் லூப்புகளைத் தொடாது. ஓ3 கொடுத்தால் சோதனையோடு செய்யும். இரண்டிலும் ஓட்டிப் பார்த்தால், உங்கள் சிக்கல் பாயிண்டர்கள் படிவது பற்றியதா, உண்மையான பழைய பாக்கியா என்று ஒரு துப்புக் கிடைக்கலாம்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் லூப்பை மட்டும் அனுப்ப வேண்டாம். அதில் வரும் ஒவ்வொரு அரேயும் எங்கே உருவானது, செயல்கூறை யார் அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பன்னிரண்டுக்கு என்னாலும் விடை சொல்ல முடியவில்லை, கம்பைலருக்கு இருந்த அதே காரணத்தால்.